பத்து நாளாக ஒரே சொல்

அகராதி பத்து நாளாக ‘ஆண்மை’யைத் தாண்டவில்லை.

அலுவலகத்தில் எல்லோருக்கும் ஆச்சரியம். பதிப்பாசிரியர் எந்தச் சொல்லோடும் அரை நாளுக்கு மேல் மல்லுக்கட்டி யாரும் பார்த்ததில்லை.

“ஆண் கூட மை. இதுல மண்டையை உடைச்சுக்க என்ன சார் இருக்கு?” என்று சிரித்தபடி உதவி ஆசிரியர் ஓர் அட்டையில் எழுதியே கொடுத்துவிட்டார்.

பதிப்பாசிரியர் அந்த அட்டையை நாலாகக் கிழித்துக் குப்பையில் போட்டார். அவ்வளவு கோபம் அவருக்கே புதிது.

அந்தச் சொல்லுக்கான அட்டைகள் அடங்கிய கோப்பைத் தினமும் வீட்டுக்கும் தூக்கிக்கொண்டு போனார்; யாரையும் தொடவிடவில்லை.

விடுமுறை நாள் காலை. சாப்பாட்டு மேசை முழுக்க அட்டைகள் பரப்பியிருந்தார். எதிரே, கிடைத்த ஒரு முழ இடத்தில் மனைவி காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னும் அதே வார்த்தைதானா?”

“அது ஆண்ல இருந்து வரலை. வெள், வெண்மை ஆகுதில்ல? அதே மாதிரி ஆள், ஆண்மை ஆச்சு. ஆளுற தன்மைன்னு அர்த்தம். வேளாண்மையில இருக்கு, மேலாண்மையில இருக்கு. உடம்புக்கும் அதுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.”

பக்கத்து வீட்டுக்குக் கேட்கும் அளவுக்குக் குரல் உயர்ந்துவிட்டிருந்தது.

மனைவி நறுக்குவதை நிறுத்தவில்லை.

“அது போனா போகட்டுங்க. ஆள் இருந்தாப் போதும்.”

அவர் பேனா அப்படியே நின்றது.

அட்டைகளுக்கெல்லாம் அடியில், கோப்பின் கடைசியில், ஒரு மருத்துவமனைப் படிவம் இருந்தது. புரோஸ்டேட் சுரப்பியில் புற்றுநோய். இந்த மாதத்துக்குள் எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ‘அறுவை சிகிச்சைக்குப் பின் ஆண்மை இழப்பு ஏற்படலாம் என்பதை அறிந்தே சம்மதிக்கிறேன்’ என்று அச்சடித்திருந்தது. வீட்டில் பேசிவிட்டு வருகிறேன் என்று வாங்கி வந்தவர், வீட்டில் வாயே திறக்கவில்லை.

படிவத்தை உருவினார். அவள் முகத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். உறவினரும் போட வேண்டும். மேசை மேல் மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

அவள் அதைத் தொடவில்லை.

“பின்பக்கம் பாருங்க.”

திருப்பினார். ‘உறவினர்’ என்ற இடத்தில் அவள் கையெழுத்து. பக்கத்தில் தேதி.

அவர் அதைக் கொண்டுவந்து ஒளித்துவைத்த அன்றைய தேதி.