பூட்டிய குழு

"பயந்துட்டீங்க மேடம். அவ்வளவுதான்."

ஆசிரியர் அறைக்குள் நுழைந்ததும் நுழையாததுமாக ஆரம்பித்தார் தற்காலிக விரிவுரையாளர். வழக்கமாக 'அக்கா' என்பவர். கோபம் வந்தால்தான் 'மேடம்'.

பேராசிரியை கணினியிலிருந்து தலையைத் திருப்பவில்லை. வரலாற்று ஆய்வாளர்களுக்காகப் பல வருஷமாக அவர் நடத்திவந்த இணைய விவாதக் குழுவை அன்று காலைதான் மூடியிருந்தார். உறுப்பினர்களுக்குச் சொன்ன காரணம் இரண்டே வார்த்தை: சட்டச் சிக்கல்.

"வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கு. அந்தப் பதிவு இருந்தா மானநஷ்ட வழக்காம்."

"போடட்டுமே! பெரிய புரொபசர் அடுத்தவங்க ஆய்வைத் திருடிட்டார்னு எவனோ ஒருத்தன் எழுதினான். அத்தனையும் உண்மை. அவனோட தில்லுல பாதிகூட உங்களுக்கு இல்லையே!"

"பேர் போடாம ஒளிஞ்சுக்கறதுதான் தில்லா?"

"அது... அவனுக்கு என்ன நிலைமையோ!"

"ம்."

"சரி, அந்த ஒரு பதிவை மட்டும் தூக்கியிருக்கலாமே?"

"பதில் போட்ட ஒவ்வொருத்தரும் அதை முழுசா எடுத்து ஒட்டி வெச்சிருக்காங்க. எதைன்னு தூக்கறது?"

"சாக்கு! உங்களுக்கென்ன, நிரந்தர வேலை. வருஷா வருஷம் நீட்டிப்புக்காகக் காத்துக்கிடக்கிற நானே பயப்படலை. வெளியில உங்களுக்கு என்ன பேர் தெரியுமா? தொடைநடுங்கி."

"இருக்கட்டும். டீ சொல்லவா?"

"வேண்டாம். நானா இருந்தா, வா கோர்ட்டுல பாத்துக்கலாம்னு சொல்லியிருப்பேன்."

பேராசிரியை எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"அடுத்த மாசம் உங்க நிரந்தர வேலைக்கு இன்டர்வியூ இருக்குல்ல? எடுக்கப்போறது யாரு?"

"அதே புரொபசர்தான். அதுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?"

"எழுதினவன் யாருன்னு கேட்டு அவரோட வக்கீல் போன் பண்ணினார். தெரியாதுன்னுட்டேன். நோட்டீஸ்ல முதல் பத்தியைத்தான் எடுத்துப் போட்டிருக்காங்க. மிச்சத்தை இன்னும் படிக்கலை போல. கடைசிவரைக்கும் படிச்சா ஆள் யாருன்னு தெரிஞ்சுடும். அதுக்குள்ள மூடிடணும்னுதான் மூடினேன்."

விரிவுரையாளர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது.

"எப்படித் தெரியும்?"

"மொட்டைப் பதிவு எழுதினா எழுதிட்டுப் போங்க தம்பி. அதுக்கு எதுக்கு அடிக்குறிப்பு? அதுலயும், இன்னும் அச்சுக்கே வராத உங்க சொந்த ஆய்வேட்டை மேற்கோள் காட்டி, பக்க எண் வேற!"