நின்று நின்று போன வண்டி

"கிராஃப்ல கீழ்க்கோட்டுல இடம் மட்டும் வரட்டும்மா. நேரத்தை எடுத்துடு. எத்தனை தடவை சொல்றது?"

சொல்லிவிட்டு இன்ஜினியர் சார் தொப்பியை மாட்டிக்கொண்டு சுரங்கத்தின் மறுமுனைக்குக் கிளம்பிவிட்டார். உள்ளே போய்விட்டால் போன் எடுக்காது.

கிராஃபம்மாவுக்கு எரிச்சலாக வந்தது. அங்கே எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர் போகும் சுரங்கம் அது. டிராலி வண்டி ஒன்று நான்கு சென்சார்களைச் சுமந்துகொண்டு சுவரோரமாக ஓடும். விரிசல், ஈரம், சூடு, அதிர்வு. எந்த இடத்தில் எது எவ்வளவு என்று நான்கு கோடுகளாக வரைந்து காட்டுவது அவளுடைய புரோகிராம். திரையில் பெட்டி பெட்டியாக வைத்து வயர் இழுத்துக் கோக்கிற மென்பொருள்.

அந்தப் புரோகிராமால்தான் இப்போது தலைவலி. வேலை இழுத்துக்கொண்டே போகிறது, உன் புரோகிராம்தான் மெதுவா என்று நிர்வாகம் கேட்டிருக்கிறது. இன்றைக்குப் பதில் சொல்லாவிட்டால் சீட்டு கிழிந்துவிடும். கணவன் போய்ச் சேர்ந்து இன்னும் கண்ணீர் காயவில்லை. வீட்டில் கைக்குழந்தை. இந்த வேலையும் போனால் அவளுக்கு நாதியில்லை.

அதனால்தான் துணிந்து ஒரு வயரைக் கழற்றி, இடத்துக்குப் பதிலாக நேரத்தை மாட்டிப் பார்த்தாள்.

நான்கு கோடுகளும் ஒரே சமயத்தில் படுத்துக் கிடந்தன. எழுந்து கொஞ்சம் ஆடின. மறுபடியும் படுத்துக்கொண்டன.

அளவு மாறவே இல்லை என்றால் வண்டி நிற்கிறது! வழி நெடுக நின்று நின்று போகிறது. இடத்தை வைத்து வரைந்தால் இது தெரியவே தெரியாது.

ஓகோ, சேதி இப்படிப் போகிறதா? சாரும் வண்டியை ஓட்டும் டிராலி அண்ணனும் டீக்குக்கூடச் சேர்ந்துதான் போவார்கள். கூட்டாளியைக் காப்பாற்ற என் தலையை உருட்டுகிறாரா மனுஷன்?

விறுவிறுவென்று டிராலி அண்ணனிடம் போனாள்.

"அண்ணே, வண்டியை ஏன் நடுநடுவுல நிறுத்துறீங்க?"

அவர் சக்கரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"வயசாச்சுல்லம்மா. கொஞ்சம் கண்ணசந்துடுது."

"நீங்க தூங்குறதுக்கு நான் திட்டு வாங்கணுமா?"

"தப்புதாம்மா" என்று தலை நிமிராமலே சிரித்தார்.

அந்தச் சிரிப்பைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. கிராஃபை அப்படியே நிர்வாகத்துக்கு அனுப்பினாள்.

மானேஜர் அவளையும் அண்ணனையும் கூப்பிட்டார். அண்ணன் அங்கேயும் அதையேதான் சொன்னார். அவர் ஒப்பந்தக் கூலி. விசாரணை, வாய்தா ஒன்றும் கிடையாது. வெளியே வந்து சாவியை மேஜையில் வைத்தார், சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டார்.

"பாப்பாவை நல்லாப் பாத்துக்கம்மா."

இதற்கொன்றும் குறைச்சல் இல்லை என்று அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் புது டிரைவர் எங்கும் நிற்காமல் ஒரே மூச்சில் ஓட்டி முடித்தான். அவள் நிம்மதியாக இடத்தை வைத்து வரைந்தாள்.

இரும்புக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு பழைய விரிசல் உண்டு. கண்ணாலேயே பார்க்கலாம். நான்கு கோடுகளும் அந்த இடத்தில் சாதுவாகப் போய், அதைத் தாண்டி, நல்ல சுவர் இருக்கும் இடத்தில் எகிறின. போகப் போக எல்லாமே தள்ளித் தள்ளி விழுந்தன.

"சென்சார் கெட்டுப்போச்சா சார்?"

பின்னால் நின்றிருந்த சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஒரே நாளில் ஆள் உடைந்துபோயிருந்தார்.

"சென்சார்லாம் நல்லாத்தான் இருக்கு. உன் புரோகிராம்ல வண்டி எங்க இருக்குங்கிறதை ஒரு பக்கம் வாங்குற, சென்சார் அளவை இன்னொரு பக்கம் வாங்குற. ரெண்டையும் சேர்த்துக் கட்டாம விட்டுட்ட. வண்டி ஓட ஓட அளவெல்லாம் பின்தங்கிடுதும்மா. வண்டி கொஞ்சம் நின்னாத்தான் வந்து சேருது."

அவள் தள்ளித் தள்ளி விழுந்த கோடுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார்..."

"சொல்லத்தான் வந்தேன். அன்னைக்குப் பாத்து உன் வீட்டுக்காரர் போயிட்டார்னு ஆஸ்பத்திரிலேருந்து போன் வந்துச்சு. நிர்வாகத்துக்குத் தெரிஞ்சா உன்னை நிக்க வச்சே அனுப்பிடுவாங்க. 'அந்தப் பொண்ணு தேறி வரட்டும் சார், அதுவரைக்கும் நான் நின்னு நின்னு ஓட்டிக்கிறேன்'னார் அவர்."

"ஐயோ... அவரைத் திரும்பக் கூப்பிடலாமா சார்?"

"நானும் காலையிலேருந்து கெஞ்சிட்டேன். தூங்குறவன் வேணாம்னுட்டாங்க. இனிமே எந்த வேலைக்குப் போனாலும் இந்தப் பேர் கூடவே போகும்."

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. "தூங்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே சார், எதுக்கு ஒத்துக்கிட்டார்?"

சார் திரையையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"தூங்கலைன்னா, அப்புறம் எதுக்கு நின்னேன்னு சொல்லணுமேம்மா."