பக்கம் திருப்புகிறவள்

“ஜாஸ் கச்சேரியில எனக்கும் இடம் வேணும் சார்.”

கேட்கவே கூடாது என்று சீனியர்கள் படித்துப் படித்துச் சொன்னதை எமீமா கேட்டுவிட்டாள். அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் பியானோ கச்சேரிகள். துறைத் தலைவர் சுவரொட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“ஜாஸுக்கு நோட்ஸே பாக்க மாட்டாங்களேம்மா. நீ எதைத் திருப்பப் போற?”

வாசிப்பவரின் இடப்பக்கம் கறுப்பு உடையில் உட்கார்ந்து, அவர் தலையசைத்ததும் எழுந்து இசைத்தாளைத் திருப்புவது அவள் வேலை. கைதட்டும்போது தலை குனிந்துகொள்ள வேண்டும், அந்தக் கைதட்டல் அவளுக்கில்லை. அவள் வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்து, பியானோவில் பட்டமும் வாங்கிய முதல் ஆள் அவள். ஒரே ஒருமுறை கச்சேரி கேட்க வந்த அம்மா, திரும்பும்போது பேருந்தில் மெல்லக் கேட்டாள்: “எல்லாரும் கை தட்டுறாங்க, நீ மட்டும் தலையத் தொங்கப் போட்டிருந்தியே, என்ன தப்பு பண்ணுன?”

“திருப்புறதுக்கு இல்ல சார். வாசிக்கிறதுக்கு. பட்டம் அதுக்குத்தானே குடுத்தீங்க?”

அவர் சிரித்தார். பிறகு நிஜமாகவே கவலைப்பட்டார். “அப்ப வெள்ளிக்கிழமை கிளாசிக்கலுக்கு யாரு பக்கம் திருப்புறது?”

“வாசிக்கிறவருக்கும் ரெண்டு கை இருக்குல்ல சார்.”

அரங்கில் யாரோ ஒரே கட்டையை அழுத்தி அழுத்திச் சுருதி பார்த்துக்கொண்டிருந்தார்கள். சுருதி சேர்வதற்குள் அவள் படியிறங்கி வெயிலுக்கு வந்துவிட்டாள்.