தோற்ற நாள் தட்டு

களத்திலேயே வீரர்களை அறைவார் என்று பேர் வாங்கிய கால்பந்துப் பயிற்சியாளர் ஞானப்பிரகாசம், வீட்டில் சாதுவான மனிதர் என்று சொல்லும் படம் அது. வெளியாகும் முன் பிழை பார்க்க அவர் மனைவி ரெஜினாவுக்குப் போட்டுக்காட்டினார்கள். படத்தில், தோற்ற நாட்களில் அவர் பேசாமல் சாப்பிட்டு எழுந்தார்.

“தப்பு ஏதாச்சும் இருக்காம்மா?” என்றார் இயக்குநர்.

“தட்டு புதுசா இருக்கு. எங்க வீட்டுல எல்லாம் நசுங்கினதுதான்.”

இயக்குநருக்கு மகிழ்ச்சி. காட்சியை மறுபடி எடுக்க ஒரு தட்டு இரவல் கேட்டார்.

மறுநாள் அவள் ஏழு எவர்சில்வர் தட்டுகளை மேஜையில் பரப்பினாள்.

“இது கோவா மேட்ச். இது கொல்கத்தா. இது ஃபைனல்.” அப்போது மட்டும் அவள் விரல் புருவத் தழும்பைத் தொட்டு மீண்டது. “நீங்க எந்த மேட்ச்சைக் காட்டுறீங்க, தம்பி?”