நட்சத்திரக் குறிக்குக் கீழே

“இம்புட்டு தூரம் வந்துட்டு, இன்னிக்கும் வாயை மூடிக்கிட்டுத்தான் நிக்கப் போறீகளா?”

உத்தமபாளையத்திலிருந்து தேனிக்குப் போகும் பஸ்ஸில் ஜான்சி கேட்ட கேள்விக்கு, பக்கத்தில் இருந்த அவள் கணவன் வினோத்ராஜ் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“முகூர்த்த மாசம் ஜான்சி. நம்ம அச்சகத்துல கல்யாணப் பத்திரிகை வேலை தலைக்கு மேல கிடக்கு. எல்லாத்தையும் போட்டுட்டு உன் கூட வந்திருக்கேன்ல?”

“வந்தீக. வந்து?”

முன் சீட்டிலிருந்து பாண்டியம்மாள் திரும்பினாள். அவர்கள் தெருக்காரி. “விடு ஆத்தா. தம்பி பேசலேன்னா என்ன, உனக்குத்தான் ரெண்டு பேருக்கு உள்ள வாய் இருக்கே.”

ஜான்சி சிரிக்கவில்லை. மடியில் இருந்த கவரைத் திறந்து, நூறு தடவை பார்த்த அந்த நோட்டீஸை மறுபடியும் பார்த்தாள். பொங்கல் சமயத்தில் பேப்பருக்குள் வைத்து வந்தது. ‘வாஷிங் மெஷின் வாங்கினால் ரூ.4,000 கேஷ்பேக்!’ என்று உள்ளங்கை அகலச் சிவப்பு எழுத்து. அதன் தோளில் கடுகளவு ஒரு நட்சத்திரம். தாளின் அடியில் அதே நட்சத்திரம் இன்னொரு முறை. அதை அடுத்து, எறும்பு ஊர்ந்தது போல் நாலு வரி.

அந்த எறும்புகளை யார் பார்த்தார்கள்? அவள் வாங்கினாள். அதோடு நில்லாமல் பாண்டியம்மாளிடமும் நோட்டீஸைக் காட்டினாள். அவளும் மகளிர் குழுவில் கடன் எடுத்து வாங்கினாள்.

பணத்தைக் கேட்டுப் போனபோதுதான் கடைக்காரர்கள் சிரித்தார்கள். பெட்டியில் இருந்த பார்கோடை வெட்டி ஏழு நாளைக்குள் தபாலில் அனுப்பினீர்களா, நிபந்தனையில் போட்டிருக்கிறதே என்றார்கள். மெஷினை இறக்க வந்த கடை ஆட்கள்தான், ‘குப்பைதானக்கா’ என்று அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

“அட்டையைத் தூக்கிட்டுப் போனவனே அட்டை எங்கன்னு கேக்குறான்! கண்ணைக் குத்திட்டு, ஏன் பாக்கலேன்னு கேக்குற மாதிரில்ல இருக்கு?” என்று பொருமினாள் ஜான்சி.

“என் அட்டையை இந்நேரம் கம்பம் சந்தையில எவனாச்சும் திராட்சைக்கு அடியில விரிச்சிருப்பான்,” என்றாள் பாண்டியம்மாள். “தவணை மட்டும் இங்கன என் தலையில கிடக்கு.”

ஜான்சிக்குச் சுருக்கென்றது. “என் பேச்சை நம்பித்தானக்கா வாங்குனீக. தெருவுல என் பேருல்ல கெட்டுப் போச்சு. கடைக்காரனை மட்டுமில்ல, இந்தப் பித்தலாட்டத்துக்குக் கூட நின்ன ஒருத்தனையும் விடமாட்டேன்.”

வினோத்ராஜ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தான். சின்னமனூர் தாண்டுவதற்குள் நாலு தடவை தொட்டுவிட்டான்.

“பர்ஸ் எங்கயும் ஓடிடாது,” என்று எரிந்து விழுந்தாள் ஜான்சி. இவனிடம்தான் அந்த நாலு வரியை முதலில் படித்துச் சொல்லச் சொன்னாள். ‘எனக்கும் தெரியல’ என்று மடித்துக் கொடுத்துவிட்டான். வழக்குப் போடலாம் என்றபோதும், ‘நமக்கு எதுக்கு வம்பு’ என்றான். பயந்தாங்கொள்ளி!

நுகர்வோர் ஆணையத்தில் பதினோரு மணிக்கு அவர்கள் வழக்கைக் கூப்பிட்டார்கள். கடைக்காரரின் வக்கீல் நோட்டீஸை உயர்த்திக் காட்டினார்.

“நிபந்தனைகள் எல்லாம் தெளிவா அச்சாகியிருக்குங்கம்மா. படிக்காதது மனுதாரரோட தப்பு.”

ஆணையத் தலைவரான அம்மையார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். “தெளிவாவா? அப்ப நீங்களே கொஞ்சம் படிங்களேன்.”

வக்கீல் தாளைக் கிட்டே கொண்டு போனார். தள்ளிப் பிடித்தார். வெளிச்சத்துக்காக ஜன்னல் ஓரம் போனார்.

“ஜோசியம் பாக்குறாரோ?” என்று பாண்டியம்மாள் முணுமுணுத்தது எல்லோருக்கும் கேட்டது. பின் பெஞ்சில் சிரிப்பு.

“நான் படிக்கிறேங்கம்மா!” என்று ஜான்சி முன்னால் வந்தாள். வந்துவிட்டாளே தவிர, அவள் கண்ணுக்கும் எறும்புகள் எறும்புகளாகத்தான் இருந்தன.

“ஜான்சி.”

வினோத்ராஜ் எழுந்து வந்திருந்தான். சட்டைப் பையிலிருந்து, அச்சகத்தில் வண்ணப் புள்ளி பார்க்கும் சின்ன லென்ஸை எடுத்து நீட்டினான். இப்போதாவது ரோஷம் வந்ததே என்று ஜான்சிக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று.

அவள் உரக்கப் படித்தாள். “‘இச்சலுகை முதல் ஐந்து வாடிக்கையாளர்களுக்கு மட்டும்.’ கேட்டீகளா? அஞ்சே பேராம்! ‘பார்கோடு ஏழு நாட்களுக்குள் பதிவுத் தபாலில் வர வேண்டும்.’ ‘முன்னறிவிப்பின்றிச் சலுகையை ரத்து செய்யும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு.’”

“இதுக்குப் பேர் சலுகை இல்ல, கண்ணி,” என்றார் தலைவர், எழுதிக்கொண்டே. வக்கீல் கைக்குட்டையைத் தேடினார்.

ஜான்சி லென்ஸை இறக்கினாள். அவள் குரலுக்கு அந்த அறை போதவில்லை. “இதுல கை வச்ச அத்தனை பேரையும் கேள்வி கேக்கணுங்கம்மா! தெரிஞ்சே செஞ்சிருக்காய்ங்க. ஒருத்தன் பேரும் விட்டுப் போகக் கூடாது!”

“இன்னும் ஒரு வரி இருக்கு ஜான்சி,” என்றான் வினோத்ராஜ். அவன் அவளைப் பார்க்கவில்லை. “அதையும் சத்தமா படிச்சிரு.”

ஜான்சி குனிந்தாள். லென்ஸுக்குள் எழுத்துகள் ஒவ்வொன்றாய்ப் பெரிதாகி வந்தன. லென்ஸைச் சேலையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள்.

“படிங்கம்மா,” என்றார் தலைவர்.

“அச்சிட்டோர்… ஜான்சி ஆப்செட், உத்தமபாளையம்.”