குழாய்க்குள் ஒரு துளி

ஆலையின் புகைபோக்கியிலிருந்து கொஞ்சம் புகையை ஒரு ரப்பர் குழாய் மீட்டரிடம் கொண்டுபோகும். நச்சுவாயு முப்பதைத் தாண்டினால் கொதிகலனை அணைத்துவிடுவார்கள். அன்று நல்ல குளிர்.

“பதினெட்டுதான்,” என்றது மீட்டர்.

பயந்துகொண்டிருந்த புகைபோக்கி நிமிர்ந்து நின்றது. “நான் திருந்தி ரொம்ப நாளாச்சு.”

குளிர்ந்த குழாய்க்குள்ளிருந்து ஒரு நீர்த்துளி குரல் கொடுத்தது. “அண்ணே, புகையில பாதி நச்ச வழியிலேயே நான் குடிச்சிட்டேன். வாயெல்லாம் புளிக்குது.”

மீட்டர் தயங்கியது. “எனக்கு வந்ததத்தான் நான் சொன்னேன். குழாயைச் சூடாக்கிட்டா துளி தங்காது, கணக்கும் சரியா வரும். சொல்லிப் பாக்கட்டுமா?”

“வேணாம்,” என்றது புகைபோக்கி, கனிவாக. “பாவம், துளி காய்ஞ்சு போயிடும்.”