வகுபடாத நம்பர்

கணக்கு வாத்தியார் எழுந்தார், பல் தேய்த்தார், டீ குடித்தார். ஜெராக்ஸ் கடைக்காரி கொடுத்த போன் நம்பரை இன்றும் அழைத்தார்.

"யோவ், இது டயர் கடைய்யா! எத்தனை வாட்டி சொல்றது?"

பத்து இலக்கம், ஒன்றையும் தன்னையும் தவிர எந்த எண்ணாலும் வகுபடாத பகா எண். அந்த அழகில் சொக்கிக் கிடந்தவருக்கு இப்போதுதான் உறைத்தது: அவளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை. நேரே கடைக்குப் போனார்.

"பிடிக்கலைன்னா பட்டுன்னு சொல்லியிருக்கலாமே? தப்பு நம்பர் எதுக்குங்க?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"ரெட்டைப்படை நம்பரைப் பார்த்தாலே மூஞ்சியச் சுளிப்பீங்களே, சார். என் நம்பர் எட்டுல முடியுது. அதான் பயந்துபோய் ஒண்ணு கூட்டிச் சொல்லிட்டேன்."

"அப்புறம் நான் எப்படிங்க உங்களைக் கூப்பிடறது?"

"ஐயோ, அத யோசிக்கலையே! சார்... எட்டுன்னா பரவாயில்லையா?"